எம்எக்ஸ் 440: முடியாததும் தெரியாததும்

பழைய கேம் ஒன்றை அந்தக் காலத்து மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் யாராவது கேட்கும் முதல் கேள்வி, "கார்டு எத்தனை எம்பி?" திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதுதான் அது. இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கப் போனாலும் பேச்சு இதில்தான் ஆரம்பிக்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 64, 128 என்று அச்சிட்டிருக்கும். இருந்த ஒரே எண் அதுதான் என்பதால் அதை வைத்தே கார்டை எடை போட்டோம். ஒரு கேம் ஓடுமா, ஓடாதா என்பதற்கு அந்த எண் சொல்லும் பதில் ரொம்பக் கொஞ்சம்.

என்னிடம் ஒரு பென்டியம் 4 மெஷின் இருக்கிறது. 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி, கிராபிக்ஸ் கார்டுக்கென்றே இருந்த ஏஜிபி ஸ்லாட்டில் என்விடியா கம்பெனியின் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 கார்டு. கார்டு 2002-ஆம் வருஷத்து வடிவமைப்பு. 2004 ஆகஸ்டில் வந்த டூம் 3 இதில் ஓடும். அதே வருஷம் நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2-வும் ஓடும். ஆனால் இவற்றுக்கு ஒரு வருஷம் முந்தி, 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் இந்தக் கார்டில் திறக்கவே திறக்காது. ஜிஃபோர்ஸ் 3 அல்லது அதற்கு மேல் வேண்டும், எம்எக்ஸ் வரிசை ஆகாது என்பது அதன் நிபந்தனை. கனமான கேம் ஓடுகிறது, லேசான கேம் மறுக்கிறது. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது.

ஒரு கிராபிக்ஸ் கார்டு இரண்டு விதமாகப் பின்தங்கும். வேலை தெரியும், ஆனால் குறித்த நேரத்தில் முடிக்க முடியாது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அந்த வேலை தெரியாது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு வைத்தியம் உண்டு. இரண்டாவதுக்கு, கேமை எழுதியவர் மனது வைத்தால்தான் உண்டு.

எம்எக்ஸ் 440 இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டதற்கு ஒரு பெயர்க் குழப்பம் காரணம். 2001-இல் வந்த ஜிஃபோர்ஸ் 3-இல்தான் என்விடியா முதன்முதலாக ஷேடர்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த கார்டுகளை முறுக்கு உழக்கு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒற்றைக்கண், முக்கண், நட்சத்திரம் என்று கூடவே வந்த சில்லுகளில் ஒன்றைப் போட்டுப் பிழியலாம். புதிய வடிவம் வேண்டுமென்றால் வழியில்லை. ஷேடர் வந்தபின், சில்லையே கேம் எழுதுகிறவர் வெட்டிக் கொடுக்கலாம் என்றானது. திரையின் ஒரு புள்ளிக்கு, அதாவது பிக்சலுக்கு என்ன நிறம், தண்ணீர் எப்படி நெளிய வேண்டும், உலோகம் எப்படி மின்ன வேண்டும் என்பதைச் சின்ன நிரலாக எழுதி, கார்டிடமே கொடுத்து ஓட்டச் சொல்லலாம்.

2002 பிப்ரவரியில் ஜிஃபோர்ஸ்4 வந்தது. டிஐ வரிசையில் ஷேடர் இருந்தது. எம்எக்ஸ் வரிசையில் இல்லை. எம்எக்ஸின் உள்ளே இருந்தது, முக்கியமாக மெமரிப் பகுதியை மேம்படுத்திய ஜிஃபோர்ஸ் 2 வம்சத்துச் சிப். அதாவது பெயரில் 4 போட்ட கார்டுக்கு, முந்தைய வருஷத்து 3-க்குத் தெரிந்தது தெரியாது. டூம் 3-ஐ அப்போது எழுதிக்கொண்டிருந்த ஜான் கார்மேக், கார்டு வந்த அதே மாதத்தில் இந்தப் பெயர் வைத்த விதத்தை வெளிப்படையாகவே திட்டி எழுதினார். பழைய ஜிஃபோர்ஸ் 2-ஐ விட இது வேகம்தான், ஆனால் 4 என்று பெயர் வைக்கத் தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கும் அதில் மறுப்பில்லை. விலை குறைவு என்பதால் எம்எக்ஸ் நன்றாக விற்றது, ஆகவே கேம் செய்கிறவர்களால் அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு அது அவர்கள் காலில் கட்டிய கல்.

சரி, தெரியாத வேலையை டூம் 3 எப்படி வாங்கியது?

கார்மேக் ஒரே காட்சியை வரைய ஆறு தனித்தனிப் பாதைகள் எழுதி வைத்திருந்தார். 2003 ஜனவரியில் அவற்றைப் பட்டியலிட்டு அவரே விளக்கினார். போட்டிக் கம்பெனியான ஏடிஐயின் ரேடியான் 8500 வகைக்கு ஒரு பாதை: பெரும்பாலும் ஒரே சுற்றில் வேலை முடிந்துவிடும். ஜிஃபோர்ஸ் 3-க்கு ஒன்று: இரண்டு அல்லது மூன்று சுற்று. எம்எக்ஸ் உட்பட ஷேடர் இல்லாத ஜிஃபோர்ஸ்களுக்கு என்வி10 என்ற பாதை: ஐந்து சுற்று. சுவருக்கு பெயிண்ட் அடிப்பதுபோல. புதிய கார்டு ஒரே கோட்டு பெயிண்டில் முடிப்பதை, எம்எக்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கோட்டு அடித்து அதே நிறத்துக்குக் கொண்டுவருகிறது. மேடுபள்ளம், பளபளப்பு எல்லாம் கடைசியில் வந்துவிடும். தெரியாததை முடியாததாக மாற்றிவிட்டார் என்று சொல்லலாம். இனி பிரச்சினை வேகம் மட்டும்தான்.

அந்த வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ரொம்பக் கஷ்டமில்லை.

எம்எக்ஸ் 440-இன் சிப் 270 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஒரு துடிப்புக்கு இரண்டு பிக்சல். நொடிக்கு 54 கோடி பிக்சல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிக்சலையும் மெமரியில் எழுத வேண்டும். அதற்கு முன் அங்கே இருக்கும் நிறத்தையும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழத்தையும் படிக்க வேண்டும். மேலே ஒட்டும் படத்தையும், அதாவது டெக்ஸ்சரையும் எடுத்துவர வேண்டும். எல்லாம் சேர்த்துத் தோராயமாக 16 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் மெமரிப் பாதை 128 பிட் அகலம், நொடிக்கு 640 கோடி பைட் போய்வரலாம். 16-ஆல் வகுத்தால் 40 கோடி பிக்சல். சிப் 54 கோடி வரையத் தயாராக இருந்தாலும், பாதை 40 கோடிக்குத்தான் வழிவிடுகிறது.

1024க்கு 768 திரையில் 7,86,432 பிக்சல் இருக்கின்றன. நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 முழுப் படம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சுமார் 17 கோட்டு அடிக்கத்தான் நேரம் இருக்கிறது. டூம் 3-இல் ஓர் இடத்தில் ஒரு விளக்கு விழுந்தால் ஐந்து கோட்டு. மூன்று விளக்கு ஒரே சுவரில் விழுந்தால் பதினைந்து. அதற்குமேல் நிழல்கள் இருக்கின்றன. டூம் 3-இன் நிழல், கண்ணுக்குத் தெரியாத பெரிய பெரிய கூம்புகளை வரைந்து கணக்கிடப்படுவது. அவையும் பிக்சல் செலவுதான். பதினேழு எங்கே போதும்? அதே காட்சியை 640க்கு 480-இல் வைத்தால் மொத்தம் 3,07,200 பிக்சல்தான், ஒவ்வொன்றுக்கும் 43 கோட்டு கிடைக்கிறது. மூச்சு விட இடம் வந்துவிட்டது.

இது காகிதக் கணக்கு. உண்மையில் இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் எந்தத் திருகைத் திருப்பினால் பலன் என்பதை இது சரியாகவே காட்டுகிறது. பழைய கார்டில் முதலில் குறைக்க வேண்டியது ரெசல்யூஷன். அப்புறம் நிழல். டெக்ஸ்சர் தரத்தைக் குறைப்பது கார்டின் மெமரி நிரம்பி வழியும்போதுதான் பெரிதாக உதவும். டூம் 3 லோ, மீடியம், ஹை, அல்ட்ரா என்று பிரித்து, 64, 128, 256, 512 எம்பி கார்டுகளுக்கு என்றே வைத்திருந்தது. 64 எம்பி கார்டில் மீடியம் வைத்தால் படம் நின்று நின்று போவது, டெக்ஸ்சர்களை மெயின் ரேமிலிருந்து ஏஜிபி வழியாக இழுத்துவருவதால். எம்பி எண்ணுக்கு மரியாதை இந்த ஓர் இடத்தில்தான்.

அந்த 128 பிட் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காலத்து மலிவுக் கார்டுகளில் ஒரே குடும்பப் பெயரில், பாதியாகக் குறுக்கிய 64 பிட் பாதையோடும் கார்டுகள் வந்தன. எம்பி அதிகம், பாதை குறுகல். 17 கோட்டு, எட்டு கோட்டாகிவிடும். எம்பியைப் பெரிதாகப் போட்ட பெட்டியில் பிட் அகலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் அரை இஞ்ச் குழாய் வைத்த கதை.

ஹாஃப்-லைஃப் 2 வேறு வழியைத் தேர்ந்தது. அது எம்எக்ஸிடம் ஐந்து கோட்டு கேட்கவில்லை. தெரியாததை விட்டுவிடு, தெரிந்ததைச் செய் என்றது. விண்டோஸில் கேமும் கார்டும் பேசிக்கொள்ளும் மொழிதான் டைரக்ட்எக்ஸ். கேமைச் செய்த வால்வ் நிறுவனம், அதை ஓட்டும் எஞ்சினுக்குள் டைரக்ட்எக்ஸ் 7, 8, 8.1, 9 என்று படிகள் வைத்திருந்தது. கார்டின் அடையாள எண்ணைப் பார்த்து, எந்தக் கார்டை எந்தப் படியில் உட்கார வைப்பது என்று ஒரு தனி ஃபைலே இருந்தது. எம்எக்ஸ் ஏழாம் படி. வேண்டுமானால் தொடக்கக் கட்டளையில் டிஎக்ஸ்லெவல் என்று சேர்த்து நாமே படி மாற்றலாம். ஏழாம் படியில் கால்வாய்ப் பகுதியைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்பதாம் படியில் தண்ணீருக்கு அடியில் கிடப்பது நெளிந்து தெரியும், கரை அதில் பிரதிபலிக்கும். ஏழாம் படியில் தண்ணீர் என்பது நகரும் ஒரு படத்தைத் தரையில் விரித்தது மாதிரி. சுவர்களில் மேடுபள்ளம் போய், வழவழப்பு வந்துவிடும். ஆனால் கதை அதேதான், எதிரிகள் அதேதான், பெட்டி விழும் இயற்பியல் அதேதான். படகில் ஏறிப் போகும்போது பாதி நேரம் தண்ணீரைப் பார்க்கவே நேரமிருக்காது என்பது வேறு விஷயம்.

இந்தப் படிகளில் தலைகீழ் வழக்கும் உண்டு. 2003-இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200-க்கு டைரக்ட்எக்ஸ் 9 தெரியும். பெட்டியிலும் அதைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஆனால் செய்கிற வேகம் போதாது என்று, ஹாஃப்-லைஃப் 2 அதைத் தானாகவே எட்டாம் படியில் இறக்கிவிடும். தெரியும், முடியாது. நம் ஊரில் லட்சக்கணக்கான அசெம்பிள் மெஷின்களில் இருந்த இன்டெல் ஆன்போர்டு கிராபிக்ஸும் இதே ஜாதிதான். ஜிஎம்ஏ 900, 950 சிப்களுக்குப் பிக்சல் ஷேடர் 2.0 தெரியும். அந்த விஷயத்தில் எம்எக்ஸ் 440-ஐ விடப் படித்தவை. ஆனால் தனி மெமரி கிடையாது, மெயின் ரேமில் பங்கு போட வேண்டும். முக்கோணங்களைத் திருப்பி, நகர்த்தி, வெளிச்சம் கணக்கிடும் வேலைக்கும் சிப்பில் இடமில்லை. அது பிராசஸர் தலையில் விழும்.

இதற்கெல்லாம் சிகரம் 2005-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2. அதற்குப் பிக்சல் ஷேடர் 1.4 வேண்டும். எம்எக்ஸ் போல அல்லாமல் நிஜமான, அன்றைக்கு விலையுயர்ந்த ஜிஃபோர்ஸ்4 டிஐ 4600-க்குத் தெரிந்தது 1.3 வரைதான். ஆகவே வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதைவிட மெதுவான, அதற்கு முந்தைய ரேடியான் 8500-க்கு 1.4 தெரியும் என்பதால் உள்ளே விட்டது. பலமிருந்தவன் வெளியே.

வாசலில் நிறுத்துவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அதை ஏமாற்றுவதும் புரிந்துவிடும். கேம் தொடங்கும்போது, கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டும். இது தெரியுமா, அது தெரியுமா, எந்த ஷேடர் பதிப்பு? டிரைவர் நிரப்பிக் கொடுக்கும். ஒன்றில் "இல்லை" என்றிருந்தால் கேம் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். த்ரீடி-அனலைஸ் என்ற சின்ன இலவச மென்பொருள் இந்த இடத்தில் நடுவே புகுந்து, விடைத்தாளைத் திருத்திவிடும். "ஹார்ட்வேர் டி அண்ட் எல் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இருக்கிறது" என்று எழுதிவிட்டு, முக்கோணங்களைத் திருப்பி வெளிச்சம் கணக்கிடும் அந்த வேலையைப் பிராசஸருக்குத் தள்ளிவிடும். ஆன்போர்டு கிராபிக்ஸில் பல கேம்கள் இப்படித்தான் ஓடின. முக்கோணங்கள் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும், பிராசஸர் சமாளித்துவிடும்.

அதே பொய்யைப் பிக்சல் ஷேடர் விஷயத்தில் சொன்னால் கதை கந்தலாகிவிடும். பிக்சல்கள் லட்சக்கணக்கில், அதுவும் ஃப்ரேமுக்கு லட்சக்கணக்கில். அன்றைய பிராசஸரால் ஆகாது. எனவே த்ரீடி-அனலைஸ் அந்த நிரலைத் தவிர்த்துவிட்டு மீதியை வரையச் சொல்லும். கேம் திறக்கும். உள்ளே போனால் கடல் கறுப்பாக இருக்கும், ஆளின் முகம் கறுப்பாக இருக்கும், சில கேம்களில் வானமே இருக்காது. விடைத்தாளைத் திருத்தினால் பாஸ் ஆகலாம், பாடம் தெரிந்துவிடாது.

இதைவிட மெனக்கெட்டவர்கள் கேமின் நிரல்களையே மாற்றி எழுதினார்கள். 2006-இல் வந்த ஒப்ளிவியனைப் பழைய கார்டுகளில் ஓட்டுவதற்கென்றே ஓல்ட்ப்ளிவியன் என்று ரசிகர்கள் ஒரு மாற்று செய்தார்கள். ஷேடர் 3.0 கேட்ட பயோஷாக்குக்கும், 2.0 கார்டுகளில் ஓடும்படி ரசிகர் வேலை ஒன்று வந்தது. வேலைக்காரர்கள்!

இதுவரை சொன்னதெல்லாம் கார்டு பிறக்கும்போதே இருந்த குறைகள். இருபது வருஷம் ஆன கார்டுக்கு வயதும் சேர்ந்துகொள்கிறது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்து விபூதி மாதிரி உதிரும். மின்தேக்கிகளின் தலை உப்பும். 2000-களின் முதல் பாதியில் தயாரான மதர்போர்டுகளில் இது ஒரு தொற்றுநோய் மாதிரியே பரவியது. என் கார்டின் ஃபேன் ஒருநாள் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்து, அப்புறம் சத்தமே நின்றுவிட்டது. சத்தம் நின்றதில் நான் சந்தோஷப்பட்டது தப்பு, சுற்றுவதும் நின்றிருந்தது. பத்து நிமிஷம் கேம் ஓடியதும் திரையில் பொட்டுப் பொட்டாக நிறம் சிதறியதைப் பார்த்துத்தான் கேபினட்டைத் திறந்தேன். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, உள்ளே ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினேன். ஓடுகிறது. வீட்டில் கைக்குக் கிடைக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். மார்கழியில் பாட்டிலில் அது என்ன ஆகும் என்று தெரியும்தானே, ஃபேனுக்குள்ளும் அதேதான்.

இன்னொரு சில்லறை: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032. அது செத்தால் மெஷின் ஒவ்வொரு முறையும் தன் பிறந்த காலத்துத் தேதிக்குப் போய் நிற்கும். கேம் ஓடுவதற்கு அது தடையில்லை, ஆனால் சேவ் ஃபைல்களின் தேதி எல்லாம் குழம்பி, எது கடைசியாகச் சேமித்தது என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும்.

திரையையும் சொல்ல வேண்டும். 640க்கு 480-இல் வை என்று மேலே சுலபமாகச் சொல்லிவிட்டேன். பிக்சர் ட்யூப் வைத்த பழைய சிஆர்டி மானிட்டருக்கு அது பொருட்டே இல்லை. எந்த ரெசல்யூஷனையும் தன் இயல்பான ரெசல்யூஷன் போலக் காட்டும். எல்சிடிக்கு அப்படியில்லை. அதன் புள்ளிகள் எண்ணி வைக்கப்பட்டவை. 1920க்கு 1080 திரையில் 640க்கு 480 படத்தை விரித்தால், உயரவாக்கில் ஒரு பிக்சலைச் சரியாக இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்க முடியாமல், இடைப்பட்ட நிறங்களை நிரப்பிக் கலங்கலாகக் காட்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஆட்கள் குண்டாவார்கள். ஆக, மெஷினை வைத்துக்கொண்டு சிஆர்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டவர்கள், இருந்த ஒரே நல்ல வைத்தியத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நானும் அதில் ஒருவன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார்.

டிரைவர் கதை சுருக்கமானது. எக்ஸ்பியில் எம்எக்ஸ் 440 வைத்திருப்பவர்கள் தேடிப் போடுவது 2006-இல் வந்த 93.71 என்ற பதிப்பு. அதோடு என்விடியா கையைக் கழுவிக்கொண்டது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவின் புதிய டிரைவர் முறையில் இந்தக் கார்டுக்கு இடமில்லை. அதனால் மெஷின் எக்ஸ்பியிலேயே நின்றுவிட்டது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில்.

இங்கேதான் இரண்டு கேம்களும் பிரிகின்றன. ஹாஃப்-லைஃப் 2-ஐ சிடி வாங்கிப் போட்டாலும், வால்வின் ஆன்லைன் கடையான ஸ்டீம் வழியாக இணையத்தில் பதிந்தால்தான் ஓடும் என்பது முதல் நாளிலிருந்தே விதி. ஸ்டீம் 2019 ஜனவரி 1 முதல் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் கைவிட்டது. அதற்கும் முன்பே, 2010-இல் மேக் கணினிகளுக்குக் கொண்டுபோனபோது, கேமைப் புதிய எஞ்சினுக்கு மாற்றிவிட்டார்கள். குறைந்தபட்சத் தேவை டைரக்ட்எக்ஸ் 8.1 என்று ஏறிவிட்டது. ஏழாம் படி போய்விட்டது. அட்டைப்பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 7 கார்டு போதும் என்று அச்சிட்டு விற்ற கேம், இன்று அந்தப் பெட்டியோடு வந்த சிடியை எக்ஸ்பி மெஷினில் போட்டால் பதியவும் வழியில்லை. கார்டுக்கு இன்னும் அந்த வேலை தெரியும். கேமுக்குத்தான் அந்தக் கார்டைத் தெரியவில்லை.

டூம் 3-க்குப் பெட்டியில் இருக்கும் கீ போதும், தனியாக விளையாட இணையம் வேண்டாம். தவிர, 2011 நவம்பரில் அதன் எஞ்சின் நிரலை, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து இன்றைய மெஷின்களுக்காகச் செய்த டியூம்3 (dhewm3) என்ற பதிப்பில், பழைய கார்டுகளுக்கான பாதைகளை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான், யார் பயன்படுத்தப் போகிறார்கள். ஆனால் வெளியிட்ட மூல நிரலில், ரெண்டரர் ஃபோல்டருக்குள், என்வி10 என்ற பெயரோடு அந்த ஃபைல் அப்படியே இருக்கிறது. ஐந்து கோட்டையும் எந்த வரிசையில் அடிக்க வேண்டும் என்று அதில் படித்துப் பார்க்கலாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் எம்எக்ஸ் 440-இல் டூம் 3-ஐ 640க்கு 480-இல் ஓடவிட்டேன். ஒற்றை விளக்கு இருக்கும் நடைபாதையில் சுகமாகப் போகிறது. மூன்று விளக்கு சேரும் அறைக்குள் நுழைந்ததும், எண்ணெய் விட்ட அந்த ஃபேன் மேல்மூச்சு வாங்குகிறது.